வேலியை எங்கே போடுவது?

இத்தீவில் யானைக்கும் மனிதனுக்கும் நடந்துவரும் போர் எந்த அரசாங்கமும் பிரகடனம் செய்யாத போர். ஆயினும் இதில் விழும் பிணங்களின் கணக்கு ஆண்டுதோறும் தவறாமல் வெளிவருகிறது. 2019ஆம் ஆண்டில் 400க்கு மேற்பட்ட யானைகள் மடிந்தன. யானைகளால் மாண்ட மனிதர் ஏறத்தாழ 120 பேர். 2023ஆம் ஆண்டில் இக்கணக்கு மேலும் ஏறியது. 470க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதரும் பலியாயினர். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நாடு முழுவதிலும் எண்ணப்பட்ட யானைகள் 5,879. இருப்பையும் இழப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும், இது நெடுநாள் நீடிக்கக்கூடிய விவகாரமன்று என்பதை உணர்வர். யானை அழிந்து ஓயுமா, அன்றி உழவன் அழிந்து ஓய்வானா என்ற கேள்விக்கு விடை காணாமல், இறந்தவர் வீட்டுக்கு அனுதாபத்தையும் இறந்த யானைக்கு மலர்மாலையையும் அனுப்பிவிட்டு ஓய்ந்திருப்பது ஆட்சியாகுமா என்று கேட்க விரும்புகிறோம்.

கல்முனையிலிருந்து அம்பாறைக்குச் செல்லும் பாதையில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே, வயல்களின் நடுவே அமைந்த சிற்றூர் மாவடிப்பள்ளி. 2024 நவம்பர் வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரசா மாணவர்கள் மாண்ட துயரத்தினால்தான் இவ்வூரின் பெயரை நாட்டில் பலர் முதன்முதலாக அறிந்தனர். ஆனால், வெள்ளம் வராத மாதங்களிலும் இவ்வூர் நிம்மதியாக உறங்குவதில்லை. கடற்கரைக்கு இத்துணை அருகில் யானை வரும் என்று முன்னைய தலைமுறை எண்ணியிராது. இன்றோ வேளாண்மை குடலை தள்ளும் காலத்தில் வட்டைக்குள்ளும், அறுவடைக்குப் பின்னர் ஊருக்குள்ளும் யானைகள் வருகின்றன. நெல் மணக்கும் ஆலைகளின் சுவர் இடிகிறது. தென்னையும் வாழையும் சாய்கின்றன. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அட்டாளைச்சேனையிலும் இதே கதைதான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காட்டு யானையின் கழுத்தில் மணி கட்டியவர் எவருமில்லை.

இக்குற்றத்துக்குப் பொறுப்பாளி யார்? கொழும்பில் குளிர்ந்த அறைகளில் அமர்ந்திருப்போர் சிலர், காட்டை ஆக்கிரமித்த உழவனே குற்றவாளி என்று தீர்ப்பளிக்கின்றனர். வயலில் நின்று வயிறெரியும் நம்மவர் சிலரோ, யானைகளைச் சுட்டுத் தள்ளுவதே பரிகாரம் என்கின்றனர். இரண்டு தீர்ப்பையும் நாம் ஏற்பதற்கில்லை. இரண்டும் சாட்சியத்தை விசாரிக்காமல் வழங்கப்பட்ட தீர்ப்புகள்.

சாட்சியம் வேறுவிதமாகப் பேசுகிறது. யானையோடு வாழ்வதும் யானையை ஆள்வதும் நமது கிழக்கிலங்கை மக்களுக்குப் புதிய கலையன்று. ஏறாவூரின் முஸ்லிம் பணிக்கர்மார், துப்பாக்கியை நம்பாமல் தோற்கயிற்றையும் தம் துணிவையும் நம்பிக் காட்டு யானையைப் பிடித்தவர்கள். அவர்களது திறமையைக் கண்டு வியந்து எழுதியவர் ஆங்கிலேய ஆட்சியின் உயர் அதிகாரியான எமர்சன் டெனன்ற். அந்த ஆங்கில ஆட்சிதான் யானையைக் கொன்றவர்களுக்குச் சன்மானம் வழங்கியது. பதுளையில் உத்தியோகம் பார்த்த மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஒரே மனிதர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படுகிறது. கொன்றவனுக்குப் பரிசளித்த அதே ஆட்சி பின்னர் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம் வனவிலங்குகளுக்குக் காப்பளித்தது. அது நல்ல சட்டம். ஆனால் யானையைக் கொல்லாதே என்று உழவனிடம் சொல்லும் சட்டம், உழவனைச் சாகவிடாதே என்று அரசிடமும் அதே கண்டிப்புடன் சொல்ல வேண்டாமா?

சுதந்திரத்துக்குப் பின் 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் உண்டாக்கப்பட்டது. அதன் கீழே பரந்து கிடந்த காடு வெட்டப்பட்டு நெல்வயலாயிற்று, கரும்புத் தோட்டமாயிற்று, குடியேற்றமாயிற்று. இத்திட்டம் இம்மாவட்டத்தின் குடிப்பரம்பலை எவ்வாறு மாற்றியது என்பது தனி வழக்கு. அதனை இன்று இங்கே வாதிட நாம் முற்படவில்லை. காட்டின் கணக்கை மட்டுமே பார்க்கிறோம். நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பகுதி 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்காவாயிற்று. பூங்காவுக்கு எல்லை வரைந்தவர்கள் மனிதர்கள். அந்த வரைபடத்தை யானைக்கு எவரும் காட்டவில்லை. அது தன் தாயின் பின்னால் நடந்து பழகிய தடத்திலேயே நடக்கிறது. இடையில் நெல்லும் கரும்பும் நின்றால் உண்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீனி வேண்டிய பிராணிக்கு இது திருட்டாகத் தோன்றாது.

உண்பதைக் காட்டிலும் அது மிதிப்பதே அதிகம். யானை புகுந்த வயலைச் சுட்டிக்காட்டித்தான், குடிமக்களை வருத்தி இறை கொள்ளும் அரசு எப்படிப்பட்டது என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் புறநானூற்றுப் புலவர் பிசிராந்தையார் அறிவுரை பகர்ந்தார். அன்று அவருக்கு யானை உவமை. இன்று மாவடிப்பள்ளி உழவனுக்கு அது உவமையன்று. கடன்பட்டு விதைத்த நெல்லின்மேல் நடக்கும் உண்மை.

அரசு இதுவரை செய்தது என்ன? யானைகளைக் காப்பகங்களுக்குள் துரத்தி, வேலியிட்டு அடைப்பது என்ற ஒரே கொள்கையை ஆறு தசாப்தங்களுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மின்வேலி நாட்டில் போடப்பட்டிருக்கிறது. பொதுப்பணம் இவ்வளவு செலவழிந்தும் சாவு குறையவில்லையே, ஏன்? வேலியில் பெரும்பகுதி தவறான இடத்தில் நிற்கிறது என்பதே விடை. வனஜீவராசிகள் திணைக்களத்தின் காடு எங்கே முடிகிறதோ, வனத் திணைக்களத்தின் காடு எங்கே தொடங்குகிறதோ, அந்த எல்லையில் வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கமும் காடு, அந்தப் பக்கமும் காடு. இந்தப் பக்கமும் யானை, அந்தப் பக்கமும் யானை! இரண்டு திணைக்களங்களுக்கு இடையிலான எல்லைத் தகராற்றைத் தீர்க்க இது உதவலாம். உழவனின் வயலைக் காக்க எவ்வாறு உதவும்?

நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானைகள் உலவுகின்றன என்றும், அப்பரப்பில் 70 வீதமளவில் மக்களும் வாழ்கின்றனர் என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கின்றனர். இந்நிலையில் எல்லா யானைகளையும் பூங்காக்களுக்குள் அடைப்பதென்பது ஆகாத காரியம். துரத்தப்படும் மந்தையில் பெண் யானைகளும் குட்டிகளுமே அகப்படுகின்றன. உள்ளே தீனியின்றி மெலிகின்றன. வயலைப் பாழாக்குவதில் முன்னிற்கும் தனியன்களாகிய ஆண் யானைகளோ, துரத்திய சில நாளிலேயே திரும்பிவிடுகின்றன.

இதனைச் சொல்வது நாம் மட்டுமன்று. கலாநிதி பிருத்திவிராஜ் பெர்னாண்டோ தலைமையில் அரசே நியமித்த குழு, 2020ஆம் ஆண்டில் தேசியச் செயற்றிட்டம் ஒன்றைத் தயாரித்து அன்றைய ஜனாதிபதியிடம் கையளித்தது. அதன் சாரம் எளிமையானது. யானையை அடைக்காதே, ஊரை அடை. வேலி, மக்கள் வாழும் கிராமத்தைச் சுற்றி நிரந்தரமாக நிற்கவேண்டும். வயலைச் சுற்றி விதைப்பின்போது போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றவேண்டும். வேலியைப் பேணும் பொறுப்பு, அதனால் பயன்பெறும் ஊராரிடமும் கமக்காரர் அமைப்பிடமும் இருக்கவேண்டும். அறுவடைக்குப் பின் வேலி நீங்கினால், நமக்குப் பயன்படாத தாளையும் புல்லையும் யானை மேயும்; நமது நெல்லுக்காக ஊருக்குள் வராது. அரசின் சொந்தக் குழு கூறிய ஆலோசனை கையிலிருக்க, ஆட்சிகள் மாறியும் அது முழுமையாக நிறைவேறாதது ஏன்? வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்பார்கள். இங்கே வேலி பயிரை மேயவில்லை. பயிரிருக்கும் பக்கமே வரவில்லை!

மற்றொரு குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. அது அரசின் குற்றம் மட்டுமன்று, நமது உள்ளூராட்சிச் சபைகளின் குற்றமுமாகும். ஒலுவிலை அடுத்த பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் தின்று, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. இறந்த யானைகளின் வயிற்றைக் கீறிப் பார்த்தபோது உணவுப் பொதி சுற்றிய பொலித்தீன் கண்டனர். குப்பைமேட்டைச் சுற்றியிருந்த மின்வேலி 2014இல் இடி விழுந்து கெட்டது; பின் திருத்தப்படவில்லை. காட்டோரத்தில் குப்பை கொட்டுவதை நிறுத்துவோம் என்று 2017இல் அரசு அறிவித்தது. அறிவித்தவர்கள் மறந்தார்கள், கொட்டியவர்கள் மறக்கவில்லை. சமைத்த சோற்றின் ருசி கண்ட யானை பின் காட்டை நாடுமா? ஊருக்கு வரும் வழியை அதற்குக் கற்பித்தவர்கள் நாமே. குப்பையை முறையாக அகற்றும் கடமையை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபையின்மீதே சுமத்துகிறது. 2025 மே மாதத் தேர்தலில் வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் இக்கடமையை நினைவூட்டுவது வாக்களித்தவர்களின் உரிமை.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை சுற்றாடலைப் பாதுகாக்கவும் மேம்படுத்தவும் அரசுக்குக் கட்டளையிடுகிறது. இயற்கையைப் பேணுவது ஒவ்வொருவரதும் கடமை என்கிறது 28ஆம் உறுப்புரை. இவற்றைக் கொண்டு நேரே நீதிமன்றம் செல்ல முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவடைக்கிறது. ஆயினும் நீதிமன்றத்தில் வழக்காட முடியாத கடமையை மக்கள் மன்றத்தில் வழக்காடலாம். அதற்கு எந்த உறுப்புரையும் தடையில்லை.

எனவே நாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, மாவடிப்பள்ளி முதல் அக்கரைப்பற்று வரையுள்ள வட்டைகளுக்கும் ஊர்களுக்கும் 2020ஆம் ஆண்டுத் திட்டம் கூறியவாறு கிராம வேலியும் பருவகால வயல் வேலியும் வேண்டும். எங்கே போடுவது என்பதை யானைத் தடம் அறிந்த உழவர்களைக் கேட்டே தீர்மானிக்கவேண்டும்.

இரண்டாவது, திறந்த குப்பைமேடுகள் மூடப்படவேண்டும். மூடும்வரை அவற்றுக்கு வேலி வேண்டும்.

மூன்றாவது, நட்டஈடு தாமதமின்றிக் கிடைக்கவேண்டும். நெற்பயிர்க் காப்புறுதியில் காட்டு யானையால் நேரும் அழிவும் அடங்குகிறது. அந்தச் சலுகை தமக்குண்டு என்பதை அறியாத உழவர் எத்தனை பேர்! வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறும்போது, கணவனை யானைக்குப் பறிகொடுத்த விதவையின் கையில் அவளால் வாசிக்க முடியாத மொழியில் ஒரு பத்திரத்தைத் திணிப்பது சட்டவிரோதம் மட்டுமன்று, மனிதத் தன்மையுமன்று.

நான்காவது, யானையைக் காப்பது என்ற பெயரில் உழவனின் காணியைக் காவு கொள்ளலாகாது. வரைபடத்தில் கோடிழுத்து, வர்த்தமானியில் அச்சிட்டு, பரம்பரை வயலை வனம் என்று பிரகடனம் செய்யும் அச்சம் நம் மக்கள் மனத்தில் வேரூன்றியிருக்கிறது. அந்த அச்சம் நீங்காதவரை வனவிலங்கு உத்தியோகத்தரை உழவன் நண்பனாகக் கருதமாட்டான். எல்லை வரைவதற்கு முன் காணிக்காரனை விசாரிப்பது இயற்கை நீதியின் முதற்படி.

நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் நேரே பாய்ச்சுவது வேலியன்று, கொலைப்பொறி. முறையான மின்வேலி விட்டுவிட்டு அதிர்ச்சி தந்து விலங்கை விரட்டும், கொல்லாது. கள்ள மின்கம்பியோ யானையையும் கொல்லும், விடியற்காலையில் நீர் பார்க்கப் போகும் அயல் வயற்காரனையும் கொல்லும். தீனிக்குள் ஒளித்து வைக்கும் ‘ஹக்க பட்டாசு’ வாய்கிழிந்த யானையைப் பல நாள் பட்டினியில் வதைத்துக் கொல்கிறது. இவை சட்டத்துக்கும் விரோதம், படைத்தவனுக்கும் விரோதம். நியாயம் நம் பக்கம் இருக்கும்போது அநியாயத்தின் ஆயுதத்தை ஏந்துவானேன்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. நமது பிரிவுக்கு எத்தனை கிலோமீற்றர் வேலி ஒதுக்கப்பட்டது, எத்தனை போடப்பட்டது, எத்தனை வேலை செய்கிறது என்று கமக்காரர் அமைப்புகள் எழுத்தில் கேட்கட்டும், தமிழிலேயே கேட்கட்டும். பதில் எழுத்தில் வந்தபின் எந்த உத்தியோகத்தரும் மழுப்ப முடியாது.

காரைதீவில் தமிழர் வயல், மாவடிப்பள்ளியில் முஸ்லிம் வயல், அம்பாறைக்கு அப்பால் சிங்களவர் வயல் என்று யானை பேதம் பாராட்டுவதில்லை. மூன்று சமூகத்தின் நெல்லையும் ஒன்றுபோல் மிதிக்கிறது. தேர்தல் மேடையில் பிரிந்து நிற்கும் உழவர்கள் இவ்விடயத்திலாவது ஒரே மனுவில் ஒப்பமிட்டு ஒரே வாசலில் போய் நிற்கக்கூடாதா? அடுத்த பெரும்போகத்துக்கு நெல் விதைக்கப்படும் முன்னர் வட்டைகளில் வேலிக்கம்பங்கள் நடப்படவேண்டும். அதற்கான கூட்டங்களை ஒவ்வொரு ஊரிலும் இப்போதே கூட்டுமாறு கமக்காரர் அமைப்புகளையும் பள்ளிவாசல், ஆலய பரிபாலன சபையினரையும் வேண்டுகிறோம்.