இரண்டு விரற்கடை

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வந்தேன். கைப்பேசியில் அம்மாவின் ஆறு அழைப்புகள். நான் நேரலையில் இருக்கும்போது அம்மா கூப்பிடவே மாட்டார். அப்பா போன பிறகு கலும்பாங் வீட்டில் தனியாக இருப்பவர். பதறிப்போய் அழைத்தேன்.

"மூசாங் வந்துடுச்சும்மா. ஒம்பதும் போச்சு."

ஒன்பது கோழிகள். அவற்றை அடைத்து வைத்திருந்த கூண்டைக் கட்டியவள் நான்.

ஒன்பது கோழிக்கா இவ்வளவு என்று கேட்பீர்கள். தோட்டத்து லயத்தைக் காலி செய்த அன்று கட்டில், பீரோ எல்லாம் லாரியில் ஏறின. பாட்டி மட்டும் ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் கூடையில் மூடி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன் வம்சம்தான் இது. லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. அங்கிருந்து வந்தவற்றில் இன்னும் உயிரோடு இருந்தது இந்தக் கோழிகள் மட்டும்தான்.

2022 கடைசியில் முட்டைத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கிறதா? பேரங்காடிகளில் முட்டை அலமாரி காலியாகக் கிடந்தது. கடைசியில் தமிழ்நாட்டின் நாமக்கல்லில் இருந்து முட்டை வந்து இறங்கியது. அந்த வாரங்களில் அம்மா பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு ஐந்து ஐந்தாக முட்டை கொடுத்தார். பதிலுக்கு மரவள்ளிக்கிழங்கும் வாழைத்தாரும் வேலி தாண்டி வந்தன. பாட்டி சேலத்துப் பக்கத்துக்காரர். நாமக்கல் முட்டை செய்தியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

பழைய கூண்டின் தகரம் துருப்பிடித்து ஒழுகியது. ஊடகம் படித்தவளுக்கு எதையும் காணொளி பார்த்துச் செய்துவிடலாம் என்றொரு திமிர் உண்டு. தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பின்புறம் பழைய பேலட் பலகைகள் குவிந்து கிடந்தன. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். எட்டு பேலட், ஒரு காசு செலவில்லை.

பேலட்டை எடுக்கும் முன் அதன் பக்கவாட்டில் சூடு போட்டது போல் உள்ள முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் சின்னம், நாட்டின் குறியீடு (நம்முடையது எம்.ஒய்.), அதனருகே இரண்டு எழுத்துகள் இருக்கும். எச்.டி. என்றால் வெப்பம் கொடுத்துப் பூச்சியைக் கொன்ற மரம். பலகையின் நடுப்பகுதியே 56 டிகிரியில் 30 நிமிடமாவது இருந்திருக்க வேண்டும். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. அதைத் தொடாதீர்கள், அடுப்பிலும் வைக்காதீர்கள். எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை இருந்தால், முத்திரை எதுவானாலும் வேண்டாம். எட்டில் இரண்டை நான் அப்படித்தான் கழித்தேன்.

பிரிப்பதுதான் பெரும்பாடு. பேலட் ஆணிக்கு உடம்பில் முறுக்கு இருக்கும். பிடுங்கப் போனால் ஆணி அசையாது, பலகைதான் பிளக்கும். இரண்டு பலகை பாழான பிறகு, இடுக்கில் இரும்பு ரம்பத்தை விட்டு ஆணியையே அறுக்கக் கற்றுக்கொண்டேன்.

மீதியைப் பிரிக்கும் பொறுமை இல்லை. பேலட்டை அப்படியே நிறுத்திச் சுவராக்கினேன். பலகைக்குப் பலகை இரண்டு விரற்கடை இடைவெளி. சில இடத்தில் கூடுதல். உள்பக்கம் அறுகோணக் கண் உள்ள கோழி வலையை அடித்தேன். அம்மா வந்து சந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இவ்ளோ சந்து எதுக்கு?"

"காத்து வரணும்மா. வெயில்ல கோழி செத்துடும்."

அது பொய்யில்லை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். எச்சத்து வாடையும் வெளியேற வேண்டும். அம்மா அதற்கு மேல் பேசவில்லை. மகள் ஆசையாகக் கட்டியதாயிற்றே. பேசியிருக்கலாம் என்று இன்றும் எனக்குக் கோபம், அவர் மேல் அல்ல.

அன்று மதியமே ஊருக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மூலையில் வலை வளைந்து, பின் ஊசிகள் உதிர்ந்து கிடந்தன. மூசாங் மரம் ஏறும், தலை நுழைந்த இடத்தில் உடம்பையும் நுழைத்துவிடும். செம்பனைத் தோட்டம் அருகில் இருந்தால் மலைப்பாம்பும் வரும், பகலில் பியாவாக் வரும்.

"கூண்டு கோழி வெளிய போகாம இருக்கறதுக்கு இல்லம்மா. அதுதான் சாயங்காலமானா தானா வந்து அடையுதே. மத்தது உள்ள வராம இருக்கத்தான்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். நான் வாங்கிய மெல்லிய வலை கோழியைத்தான் தடுக்கும்.

பத்தாவதாக ஒரு கோழி இருந்தது. கருப்புப் பெட்டை. கூண்டுக்கே வராமல் விறகுக் குவியலுக்குள் ஏழு முட்டையோடு அடைகாத்துக்கொண்டிருந்தது. சேவல் போய்விட்டது, ஆனால் அந்த முட்டைகள் அதனுடையவை. அடை வைத்தால் 21 நாள். அம்மா கணக்குப்படி அன்று ஐந்தாம் நாள்.

ஆக, எனக்கு இரண்டு வாரம்தான். இரண்டு சனி, ஞாயிறு. இம்முறை அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை. சுவருக்கு மட்டுமல்ல, தரைக்கும் கூரைக்கு அடியிலும். பின் ஊசி இல்லை, திருகாணியும் வளையமும். கூண்டுக்கு இரண்டடிக் கால். கதவுக்கு மேலும் கீழும் இரண்டு தாழ்ப்பாள். இலவசக் கூண்டுக்கு ஹார்ட்வேர் கடையில் 230 ரிங்கிட் கொடுத்தேன்.

கோழி உட்காரும் குறுக்குக் கட்டையை முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் வைக்க வேண்டும். இவை காட்டுக்கோழியின் வழி வந்தவை. கலும்பாங் செம்பனை ஓரத்தில் இன்றும் காட்டுச்சேவல் கூவுவதைக் கேட்கலாம். இருட்டினால் இருப்பதிலேயே உயரமான இடம் தேடும். பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே தூங்கி, அதிலேயே கழித்து வைக்கும். பழைய பலகையின் வெடிப்பில் கோழிப்பேன் ஒளியும் என்று அம்மா உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார், லயத்துச் சுவருக்கு அடிப்பது போல. தாமான் வீடுகளில் இருப்பவர்கள் கட்டும் முன் நகராண்மைக் கழகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழில் ஐந்து பொரித்தன. ஒன்று மறுநாளே செத்துவிட்டது. நான்கு குஞ்சுகளையும் தாயையும் புதுக் கூண்டில் விட்ட மாலை, அம்மா கையில் விளக்கோடு சுற்றி வந்து ஒவ்வொரு சந்திலும் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். எதிலும் நுழையவில்லை.

இப்போது தினமும் இரவு ஏழரைக்கு எனக்கு ஒரு குரல் பதிவு வருகிறது. "பூட்டிட்டேன்." நேற்று மட்டும் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஒரு குஞ்சுக்குக் கொண்டை கொஞ்சம் சிவந்த மாதிரி தெரிகிறதாம். சேவலா என்று சொல்ல இன்னும் சில வாரம் போகட்டும் என்கிறார்.