வாசலில் கேட்கும் முதல் வார்த்தை



திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் மலையைக் காணலாம். மலைமேல் முக்தியாலீஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். வான்மீகி முனிவர் தவமியற்றிய தலம் என்று ஊரார் போற்றுவர். அங்குள்ள குகையொன்றைச் சீதை குகை என்றே வழங்குவர். அங்கிருந்து கிழக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள்.

மரக்காணமே பழைய எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலர் கருத்து. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, உப்பு வணிகராகிய உமணரின் வண்டிகளைக் காட்டுகிறது. அவர்களோடு வந்த மந்தி, உமணப் பெண்கள் பெற்ற பிள்ளைகளுடன் கிலுகிலுப்பை ஆடுவதை அந்நூலில் காண்கிறோம். மனைவி மக்களோடு சென்ற அவ்வணிகருக்குப் பிரிவுமில்லை, வழிபார்த்துக் காத்திருப்பாருமில்லை.

பிற்காலத்து வணிகர் நிலை வேறு. என் தந்தையாரும் உப்பு வணிகரே. மாட்டுவண்டிகளில் உப்பேற்றிக்கொண்டு செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கம் போனால், திரும்பப் பல நாட்களாகும். வண்டிமாட்டுச் சலங்கை ஒலி கேட்டதும் என் தாயார் செம்பில் நீரோடு வாசலுக்கு வருவார். தந்தையார் கால் கழுவித் திருநீறு பூசி, சுவாமி மாடத்தில் வணங்கிய பின் இலை போடப்படும். வியாபாரப் பேச்சு மறுநாள் காலையில்தான்.

ஒரு சித்திரையில் எதிர்பாராத மழை. வழியிலேயே உப்பில் பெரும்பகுதி கரைந்துபோயிற்று. தந்தையார் வாடிய முகத்தோடு வந்து திண்ணையில் அமர்ந்தார். தாயார் முகத்தைப் பார்த்தார், மடியைப் பார்க்கவில்லை. "கால் அலம்பிக்கிட்டு வாங்க, சோறு சூடா இருக்கு" என்றார். அவ்வளவே. அன்றிரவு, கேட்பார் இல்லாமலே தந்தையார் எல்லாவற்றையும் சொன்னார். பாயில் படுத்திருந்த நான் அதைக் கேட்டேன்.

இதனைக் கண்டு வளர்ந்த நான் என்ன செய்தேன் தெரியுமா? பல ஆண்டுகளுக்குப் பின் என் மகன் தொழில் நிமித்தம் வடக்கே சென்று, பத்து நாள் கழித்துத் திரும்பினான். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, "போன காரியம் முடிந்ததா?" என்றேன். "இல்லையப்பா" என்று சொல்லி அறைக்குள் போனான். அன்றிரவு அவன் உண்ணவில்லை. நான் கேட்டதில் பிழையான சொல் ஏதுமில்லை. கேட்ட நேரமே பிழை.

அப்போது நினைவுக்கு வந்தவர் பட்டினத்தடிகள். துறவு பூணுமுன் அவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் திருவெண்காடர். திருவிடைமருதூர்ப் பெருமான் அருளால் வந்தடைந்த வளர்ப்பு மகன் மருதவாணன் கடல் வாணிகம் சென்று மீண்டான். தந்தை முதலில் நாடியது மகனையன்று, மூட்டைகளை. அவற்றில் எருவரட்டியும் தவிடும் இருக்கக் கண்டு சினந்தார். எறிந்த வரட்டி உடைந்து மணிகள் சிதறின என்பர். மனம் மாறி மகனைத் தேடியபோது அவன் இல்லை. தாயிடம் அவன் கொடுத்துச் சென்ற பெட்டியில் காது முறிந்த ஊசியும் ஓலை நறுக்கும் இருந்தன. இறுதிப் பயணத்தில் அந்த ஊசியும் உடன்வராது என்று உணர்ந்து அவர் துறவியானார்.

இவ்வரலாற்றைச் செல்வ நிலையாமைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கோ அதில் ஒரு தகப்பனின் தவிப்பும் தெரிகிறது. சரக்கைப் பார்த்துவிட்டு மகனைப் பார்க்கலாம் என்று இருந்தார்; மகனைப் பார்க்கும் வேளை அதற்குள் கடந்துவிட்டது.

நம் பிள்ளைகள் இன்று விமானத்திலும் இரயிலிலும் சென்று வருகின்றனர். இலாபமோ நட்டமோ, அலுவலகத்தில் பலமுறை கணக்குச் சொல்லிக் களைத்தே வீடு திரும்புகின்றனர். வீட்டிலும் முதல் வார்த்தை கணக்காகவே இருந்தால், அவர்கள் இளைப்பாறும் இடம் எது? ஆகவே, வந்தவுடன் ஒரு செம்பு நீர், சுவாமி முன் ஒரு வணக்கம், பின்பு உணவு என்ற பழைய முறையை விடாதிருப்போம். மற்றவற்றை அவர்களே சொல்வர், சொல்லாவிடினும் பொறுத்திருப்போம். அடுத்த முறை என் மகன் வந்தபோது எழுந்து சென்று, "வாப்பா, சாப்பிடலாம்" என்றேன். உண்டு முடித்தபின் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தான்.

முதுமை எய்திய நாமும் வணிகம் முடித்து வீடு திரும்பும் வழியில்தான் இருக்கிறோம். நம் மூட்டையில் கரைந்துபோன உப்பே மிகுதி. ஆயினும் அங்கே ஐயன் கணக்குக் கேட்குமுன் "வா" என்று அழைப்பான் என்றே நம்பியிருக்கிறோம். அந்த "வா" என்னும் சொல்லை நம் வீட்டு வாசலில் முதலில் நாம் சொல்ல, பெருமுக்கல் பெருமான் அருள்புரிவாராக.