கட்டாமல் விட்டதும் ஒரு சொத்தே

சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா செல்லும் நம் நாட்டவரின் பயணத் திட்டத்தில் யுங்ஃபிராவ், டிட்லிஸ், லூசெர்ன் ஆகிய மூன்று பெயர்கள் பெரும்பாலும் இடம்பெற்றுவிடும். பனியைக் கையில் அள்ள வேண்டும், மலையுச்சிவரை செல்லும் ரயிலில் அமர வேண்டும், ஏரியில் படகு விட வேண்டும் என்ற ஆசைகள் இயல்பானவை. அவற்றில் குறைகாண என்னிடம் ஏதுமில்லை. ஆயினும், அதே பயணத்தில் ஒரேயொரு நாளை ஒதுக்கி, மோட்டார் வாகனங்கள் வராத சரளைப் பாதையொன்றில், சதுப்பு வெளிக்கும் ஏரிக்கரைக்கும் இடையே மிதிவண்டி ஓட்டிப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்வேன். அந்நாட்டார் எவற்றையெல்லாம் கட்டினார்கள் என்பதை மலை ரயில்களில் காணலாம். எதைக் கட்டாமல் விட்டார்கள் என்பதைக் காண இத்தகைய பாதைக்குத்தான் செல்ல வேண்டும்.

நான் சென்ற இடம், சூரிச் நகரிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய பீபர்புருக் என்னும் சிறிய நிலையம். அங்கிருந்து பீபர் என்ற ஓடையை ஒட்டியே ரோதன்தூர்ம் என்னும் சிற்றூர்வரை ஓர் அகன்ற, ஏறத்தாழச் சமதளமான வெளி விரிகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வெளியே சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற சதுப்பு நிலங்களுள் ஒன்று. ஜூன் மாதத்தில் பருத்திப் புல்லின் வெண்குஞ்சங்கள் நீர் தேங்கிய தரையெங்கும் அசைந்துகொண்டிருந்தன. பூச்சிகளைப் பிடித்து உண்ணும் சிறு செடிகளும் இங்கே உண்டு. நெடுஞ்சாலை பள்ளத்தாக்கின் ஓரமாகச் செல்கிறது. நடுவிலோ சரளைக் கற்கள் டயருக்கடியில் நொறுங்கும் ஓசையும், பறவைகளின் குரலும், எப்போதாவது ஓர் உழவரின் டிராக்டர் எழுப்பும் ஒலியும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை.

இத்தகைய பாதைகளுக்கென்றே அமைந்தது கிராவல் சைக்கிள். பார்வைக்கு அது பந்தய மிதிவண்டி போலவே வளைந்த கைப்பிடி கொண்டிருக்கும். ஆனால் டயரின் அகலம் பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர்வரை இருக்கும். அதில் காற்றழுத்தமும் குறைவாகவே வைக்கப்படும். இதனால் கற்களின் அதிர்வு உடலுக்கு அவ்வளவாக எட்டுவதில்லை. ஏற்றங்களில் மிதிப்பதற்கு இலகுவான கியர்கள் உண்டு. மலைச்சரிவில் துள்ளிக் குதிக்கும் வீரம் இதற்குத் தேவையில்லை. அறுபதைக் கடந்த என் போன்றோரும், ஓரளவு பழகிய குடும்பத்தினரும் நிதானமாக ஓட்டக்கூடியது.

இனி, இந்தச் சதுப்பின் தன்மையைச் சற்று நோக்குவோம். நீர் நிறைந்த தரையில் பாசியும் புல்லும் மடியும்போது, காற்றுப் புகாமையால் அவை முழுமையாக மட்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து, பீட் என்னும் கரும்பழுப்பு மண்ணாக மாறுகின்றன. இப்படிவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே வளர்கிறது. அவ்வாறாயின் 1 மீட்டர் ஆழமுள்ள பீட் ஏறத்தாழ 1,000 ஆண்டுச் சேமிப்பு. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள இத்தகைய நிலங்கள், உலகக் காடுகளின் மரஞ்செடிகள் அனைத்தும் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகமான கரியைத் தம்முள் அடக்கியுள்ளன. வடிகால் வெட்டி நீரை இறக்கிவிட்டால், காற்றுப் புகுந்து அக்கரி வாயுவாக வெளியேறத் தொடங்கும்.

நான் கண்ட ஒரு சிறு அனுபவம் இதனை எனக்குத் தெளிவாக்கியது. படமெடுக்கும் ஆவலில், பாதையின் விளிம்பைத் தாண்டி இரண்டடி எடுத்து வைத்தேன். கணுக்காலுக்கு மேல் கால் புதைந்தது. இழுத்தபோது காலணி சேற்றோடு ஒட்டிக்கொண்டு, ஒரு சாண் ஆழக் குழியில் பழுப்பு நீர் ஊறி நின்றது. ஒரு சாண் என்றால் ஏறக்குறைய 200 ஆண்டுப் படிவு. அன்று என் காலடி ஒன்றுதான். அதே இடத்தில் ஆயிரம் பேர் அவ்வாறே இறங்கினால் என்னவாகும் என்று எண்ணியபோது, அந்தப் படம் எனக்கு அவசியமாகத் தோன்றவில்லை.

இவ்வெளி தானாகவே தப்பிப் பிழைத்ததன்று. எரிபொருளுக்காக இங்கே பீட் வெட்டியெடுக்கப்பட்ட காலம் உண்டு. விளைநிலமாக்கும் பொருட்டு நாட்டின் சதுப்புகளில் மிகப்பெரும் பகுதி நீர் வடிக்கப்பட்டு அழிந்தது. எஞ்சிய ரோதன்தூர்ம் வெளியில் இராணுவப் பயிற்சித் தளம் ஒன்றை அமைக்க அரசு திட்டமிட்டது. உள்ளூர் உழவர்கள் நிலத்தைத் தர மறுத்தனர். எதிர்ப்பு நாடளாவியதாக வளர்ந்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு, நாட்டின் சதுப்புகளைக் காக்க அரசியலமைப்பையே திருத்த வேண்டுமெனக் கோரினர். அரசும் நாடாளுமன்றமும் அக்கோரிக்கையை நிராகரிக்குமாறு மக்களுக்குப் பரிந்துரைத்தன. எனினும் 1987 டிசம்பர் 6 அன்று நடந்த பொது வாக்கெடுப்பில் 57.8 சதவீதத்தினர் ஆதரவாக வாக்களித்தனர்.

அத்திருத்தத்தின் கடுமை வியப்புக்குரியது. சிறப்பு மிக்க சதுப்புகளில் புதிய கட்டுமானமோ நில மாற்றமோ கூடாது என்பதோடு அது நிற்கவில்லை. 1983 ஜூன் 1 ஆம் நாளுக்குப் பிறகு பாதுகாப்புக்கு முரணாகக் கட்டப்பட்டவை எவையாயினும், கட்டியவர் செலவிலேயே இடித்து அகற்றப்பட வேண்டும் என்றும் கூறியது. இன்று அரசியலமைப்பின் 78 ஆம் பிரிவில் இப்பாதுகாப்பு தொடர்கிறது. விதிவிலக்கு இரண்டே: சதுப்பைப் பாதுகாப்பதற்கு உதவுபவை, ஏற்கெனவே நடந்துவரும் வேளாண்மைக்கு உதவுபவை.

மிதிவண்டி ஓட்டுபவர் இந்த இரண்டாவது விதிவிலக்கை மனத்தில் கொள்ள வேண்டும். நாம் ஓட்டிச் செல்லும் சரளைப் பாதை பெரும்பாலும் நமக்காக இடப்பட்டதன்று. கால்நடைகளுக்குப் படுக்கையாகும் புல்லை இலையுதிர் காலத்தில் அறுத்து வண்டியில் ஏற்றிச் செல்லும் உழவருக்காக உள்ளது. அவர் அங்கே உரிமையுடையவர், நாம் விருந்தினர்.

அதே வட்டாரத்தில், ஆயிரம் மீட்டரைச் சற்றே கடக்கும் ஒரு காட்டு மேட்டை ஏறி இறங்கினால், பழமையான மடாலயத்துக்குப் பெயர்பெற்ற ஐன்சீடெல்ன் நகரும், அதையடுத்துச் சீல் ஏரியும் வருகின்றன. பரப்பளவில் அந்நாட்டின் மிகப்பெரிய செயற்கை ஏரி அதுவே. அதன் கரையில் நின்று பார்ப்பவருக்கு அது ஆதிகாலம் முதல் அங்கிருந்ததாகவே தோன்றும். உண்மையில், 1937 இல் அணை முடிந்து நீர் நிறைந்தபோது, பல குடும்பங்களின் வீடுகளும் வயல்களும், அவற்றோடு ஒரு பரந்த சதுப்பு வெளியும் அடியில் மூழ்கின. அந்நீர் மலையைக் குடைந்த குழாய் வழியே இறங்கி, ரயில்களுக்கு மின்சாரம் தருகிறது. என்னையும் மிதிவண்டியையும் சுமந்து வந்த ரயிலுக்கும் அம்மின்சாரத்தில் பங்கிருக்கலாம். ஆகவே, ஒரே நாளில் நான் கண்டவை இரண்டு சதுப்புகளின் கதை. ஒன்று நாட்டின் தேவைக்காகச் செலவிடப்பட்டது. மற்றது, இனியும் செலவிடலாகாது என்று மக்கள் நிறுத்தி வைத்தது. முதலாவதைப் பிழை என்று இன்று சொல்வது எளிது, நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், கணக்கின் இரு பக்கங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன.

இங்கேதான் என் கருத்துக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 23 அன்று சுவிஸ் மக்கள் மற்றொரு வாக்கெடுப்பில், 73.6 சதவீத ஆதரவோடு, மிதிவண்டிப் பாதைகளையும் அரசியலமைப்பில் சேர்த்தனர். அதன்வழி வந்த சட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலங்களுக்கு ஒப்பான கான்டன்கள் 2027 இறுதிக்குள் பாதை வலையமைப்பைத் திட்டமிட்டு, 2042 இறுதிக்குள் அமைத்து முடிக்க வேண்டும். ஆக, ஒரே அரசியலமைப்பின் ஒரு பிரிவு பாதை அமைக்கச் சொல்கிறது. மற்றொரு பிரிவு சதுப்பைத் தொடாதே என்கிறது. சரளைப் பாதைகளைத் தார்ப்பாதைகளாக மேம்படுத்தலாமே என்ற எண்ணம் இவ்விரண்டுக்கும் நடுவே எழுவது இயல்பு.

அதற்கு ஆதரவான வாதத்தில் நியாயம் உண்டு. சக்கர நாற்காலியில் செல்வோர்க்கும், சிறுவர்க்கும், நாள்தோறும் வேலைக்குச் செல்வோர்க்கும் வழவழப்பான பாதை தேவை. ஊர்களிலும், ஊர்களை இணைக்கும் வழிகளிலும் அதை அமைப்பதே முறை. சதுப்பு வெளியில் மட்டும் சரளையைச் சரளையாகவே விட வேண்டும் என்பது என் துணிபு. வழவழப்பான பாதை வேகத்தை அழைக்கும். வேகம் கூட்டத்தை அழைக்கும். கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தையும் கடைகளையும் கேட்கும். ஒவ்வொன்றும் சிறியது, ஒவ்வொன்றும் நியாயமானது. வைப்புநிதியின் அசலிலிருந்து அவ்வப்போது சிறிது எடுப்பவரும் ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் வைத்திருப்பார். ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் மட்டுமே வரவு உள்ள கணக்கில், எடுத்ததைத் திரும்பச் செலுத்த நம் ஆயுள் போதாது.

செல்வம் மிகுந்த நாடு, அதனால் இயல்கிறது என்று சிலர் கூறுவர். அணை, சுரங்கம், மலை ரயில் ஆகியவற்றுக்கு அது பொருந்தலாம். ரோதன்தூர்ம் வெளியைக் காத்ததில் முதற்பங்கு, நிலத்தைத் தர மறுத்த சிற்றூர் உழவர்களுடையது. அவர்கள் செல்வர்களாக இருந்ததால் மறுக்கவில்லை.

செல்ல விழையும் வாசகர்களுக்குச் சில சொற்கள். காரைத் தவிர்த்து ரயிலில் செல்க. மிதிவண்டிக்குத் தனிச் சீட்டு எடுக்க வேண்டும், சில நெடுந்தூர ரயில்களில் முன்பதிவும் தேவை. வெண்ணிற எழுத்துள்ள சிவப்பு வழிகாட்டிப் பலகைகளைப் பின்பற்றுக. சிவப்பு வளையத்துக்குள் காரும் மோட்டார் சைக்கிளும் வரையப்பட்டிருந்தால் மிதிவண்டிக்குத் தடையில்லை. வளையம் வெறுமையாக இருந்தால் மிதிவண்டிக்கும் தடை உண்டு. நடப்பவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து வணக்கம் சொல்லுங்கள். அங்கே அது வழக்கம். தரையில் கூடு கட்டும் பறவைகள் உள்ள இடமாதலால் பாதையை விட்டு இறங்காதீர்கள். உங்கள் பயணக் காப்பீட்டில் மிதிவண்டி ஓட்டுதல் அடங்குகிறதா என்பதைப் புறப்படும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் ஐன்சீடெல்ன் நிலையத்தில் ரயிலுக்காகக் காத்திருந்தபோது, என் காலணியில் அந்தப் பழுப்புச் சேறு இன்னும் காயாமல் ஒட்டியிருந்தது. துடைத்தெறிய மனம் வரவில்லை. எடுத்துச் செல்லவும் உரிமையில்லை என்று தோன்றியது. நிலையத்துக்கு வெளியே புல் வளர்ந்திருந்த ஓர் ஓரத்தில் அதைத் தட்டிவிட்டு வந்தேன்.