ஓடும் கார்தான் மரபுடைமை

2017ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலம் ஒன்றில், ஆஸ்டன் மார்ட்டின் டிபிஆர்1 என்ற பழைய பிரிட்டிஷ் பந்தயக் கார் 22 மில்லியன் அமெரிக்க டாலருக்கும் அதிகமான விலைக்குப் போனது. 1950களில் உருவாக்கப்பட்ட இந்த வகைக் கார்கள் மொத்தம் ஐந்தே. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய ஒன்றைக் கீறல் விழாமல் பூட்டி வைப்பதா, சாலையில் ஓட்டுவதா? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை ஓட்டுவதும் பழுதுபார்ப்பதுமே அவற்றின் மரபுடைமையைக் காக்கும் என்பது என் கருத்து.

முதலாவதாக, இவை ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை. எம்ஜிபி என்ற காரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் அமரக்கூடிய இந்தச் சிறிய திறந்த கார், 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் தயாரிக்கப்பட்டது. கூரையுள்ள வகையையும் சேர்த்து 500,000க்கும் அதிகமான கார்கள் விற்பனையாயின. செல்வந்தர்கள் மட்டுமல்லாமல், சாதாரணச் சம்பளக்காரர்களும் இதை வாங்கினர். எளிய அமைப்பு என்பதால், பலர் வார இறுதியில் தாங்களே பழுதுபார்த்தனர். மக்கள் அதை ஓட்டி மகிழ்ந்ததால்தான் அதற்குப் புகழ் வந்தது.

இரண்டாவதாக, கார் ஓடினால்தான் அதைச் சார்ந்த கைத்திறனும் வாழும். ஆபிங்டன் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. ஆனால், அந்தக் காரின் தகடுகளை அழுத்தி வடிவமைத்த பழைய அச்சுகள் தேடி எடுக்கப்பட்டு, 1988 முதல் புதிய உடற்பகுதிகள் தயாரிக்கப்பட்டன. துருப்பிடித்த எத்தனையோ கார்கள் அதனால் மறுவாழ்வு பெற்றன. கார்களை ஓட்டுவோர் இருந்ததால்தான் இந்த முயற்சிக்குத் தேவை ஏற்பட்டது. மால்வர்ன் நகரில் 1909இல் தொடங்கப்பட்ட மோர்கன் நிறுவனத்தில் இன்றும் தச்சர்கள் ஆஷ் மரத்தால் காரின் உடற்பகுதிச் சட்டத்தைச் செய்கிறார்கள். பூட்டி வைத்த காருக்கு உதிரிப்பாகம் தேவையில்லை. உதிரிப்பாகம் தேவையில்லை என்றால் பட்டறைக்கு வேலையில்லை. பட்டறைக்கு வேலையில்லை என்றால், தொழில் கற்க வரும் இளையருக்கு ஆசானும் இல்லை. அதோடு, நீண்ட நாள் ஓடாத காரில் ரப்பர் பாகங்கள் காய்ந்து வெடிக்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் பாகங்கள் துருவேறும்.

“ஓட்டினால் தேயும், தேய்ந்த பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது அதே கார்தானா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதே கேள்வி இங்கிலாந்தின் நீதிமன்றம் வரை சென்றது. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ எனப்படும் பென்ட்லி கார், 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் பாகங்கள் ஒவ்வொன்றாக மாறின; 1932இல் நேர்ந்த கொடிய விபத்துக்குப் பின் அது மீண்டும் கட்டப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து, சுமார் 10 மில்லியன் பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்டவர்கள், “இது உண்மையான கார் இல்லை” என்று மறுத்தனர். 1990இல் நீதிபதி அது உண்மையான ‘ஓல்ட் நம்பர் ஒன்’தான் என்று தீர்ப்பளித்தார். அந்தக் கார் படிப்படியாக மாறியதே தவிர, அதன் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதே அதற்குக் காரணம். தொடர்ச்சிதான் மரபுடைமை என்பதை இத்தீர்ப்பு நமக்கு உணர்த்துகிறது.

அப்படியானால் அரும்பொருளகங்கள் வேண்டாமா? வேண்டும். எந்த மாற்றமும் இல்லாமல் எஞ்சியிருக்கும் அரிய கார்கள் சில, ஆய்வுக்காக அங்கு இருப்பதே நல்லது. கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அரும்பொருளகத்திற்குச் செல்லும் எவரும் அவற்றைக் காணலாம். விலை ஏறட்டும் என்று தனியார் கிடங்கில் மூடி வைக்கப்பட்ட காரை யார் காண்பது? அது முதலீடாக இருக்கலாம், மரபுடைமை ஆகாது.

பழைய கார்கள் வெளியிடும் புகையையும் நாம் மறக்கக்கூடாது. பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்குச் சாலை வரி விலக்கு உண்டு. சலுகை பெறுவோருக்குப் பொறுப்பும் உண்டு. அன்றாடப் பயணத்துக்குப் பேருந்தும் ரயிலும் இருக்கட்டும். பழைய காரை நன்கு பராமரித்து, எப்போதாவது ஓட்டினால் போதும். குட்வுட் பந்தயத் தடத்தில் 1998 முதல் நடைபெறும் விழாவில், விலைமதிப்புமிக்க பழைய கார்கள் இன்றும் சீறிப் பாய்கின்றன. அவற்றின் ஓசையைக் கேட்கும் சிறுவர்களில் ஒருவர் நாளை அவற்றைப் பழுதுபார்க்க முன்வரலாம்.

உங்கள் வீட்டிலும் பாட்டியின் தையல் இயந்திரமோ தாத்தாவின் மிதிவண்டியோ இருக்கலாம். அதைத் துடைத்து அலமாரியில் வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். அதை எப்படி இயக்குவது என்று அவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பொருளை மட்டும் பெற்றுக்கொண்டு, அதை இயக்கும் அறிவைப் பெறாமல் விட்டால், நம்மிடம் மிஞ்சுவது வெறும் இரும்புதான்.