கிடார் வாசிச்சது யாருங்க? ரெக்கார்டு அட்டையில் இல்லாத பெயர்கள்

பழைய இசைத்தட்டு வாங்குவது மறுபடியும் ஃபேஷன் ஆகிவிட்டது. கோவையிலும் பெங்களூரிலும் ஐடி வேலை பார்ப்பவர்கள் இன்ஸ்டாகிராமில் மெசேஜ் போட்டு எழுபதுகளின் எல்.பி. ரெக்கார்டுகளை வாங்குகிறார்கள். பிளேயர் இல்லாதவர்கள்கூட அட்டையை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். விற்பவர் முதலில் கொடுக்கும் உத்தரவாதம், ‘கீறலே இல்லை’ என்பதுதான். கீறல் விழுந்த தட்டுக்கு மதிப்பு இல்லை.

இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது. ஏன் என்று புரிய, கொஞ்சம் லண்டன் போய்விட்டு பெருந்துறைக்குத் திரும்ப வேண்டும்.

1971 மார்ச்சில் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் டி.ரெக்ஸ் குழுவின் மார்க் போலன் கண்ணுக்குக் கீழே மினுமினுப்புத் தூள் பூசிக்கொண்டு வந்து பாடினார். கிளாம் ராக் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். பளபள சட்டை, உயரமான ஹீல்ஸ், ஆணா பெண்ணா என்று கேட்க வைக்கும் மேக்கப், அதற்கு ஈடு கொடுக்கும் முரட்டு கிடார். இசைக்காகவே அங்கே வாரப் பத்திரிகைகள் இருந்தன: மெலடி மேக்கர், என்எம்இ, சவுண்ட்ஸ். 1972 ஜனவரி 22 மெலடி மேக்கரில், தான் ஒரு தன்பாலீர்ப்பாளர் என்று டேவிட் போவி சொன்ன பேட்டி வந்தது. அந்த வருடமே ‘ஜிக்கி ஸ்டார்டஸ்ட்’ ஆல்பத்தோடு அவர் பெரிய ஸ்டார்.

அந்தப் பத்திரிகைகள் ஒன்றும் யோக்கியமானவை அல்ல. ஊதிப் பெருக்கும், அடுத்த மாதமே காலை வாரும். ஆனாலும் ஒரு நல்ல காரியம் செய்தன. மேடையில் பக்கத்தில் நின்றவரைப் பற்றியும் எழுதின. போவிக்கு கிடார் வாசித்த மிக் ரான்சன், அதற்கு முன் ஹல் என்ற ஊரின் நகராட்சியில் தோட்ட வேலை பார்த்தவர். 50 வருடம் கழித்து, கொங்கு நாட்டில் மொபைலைத் தடவிக்கொண்டிருப்பவருக்கும் இது தெரிகிறது. ஆல்பத்தின் அட்டையிலேயே அவர் பெயர், பாஸ் வாசித்தவர் பெயர், டிரம்ஸ் வாசித்தவர் பெயர் எல்லாம் இருக்கின்றன. (‘முழு சவுண்டில் கேட்கவும்’ என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். பெருந்துறையில் இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.)

இப்போது நம்ம ஊர். தமிழில் கிளாம் ராக் என்று யாரும் எதற்கும் பெயர் வைக்கவில்லை. ஆனால் 1979-ல் வந்த ‘நினைத்தாலே இனிக்கும்’ அதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது. பாலசந்தர் இயக்கம், சிங்கப்பூரில் கச்சேரி நடத்தும் இசைக்குழுவின் கதை, மினுக்கும் உடைகள், எலெக்ட்ரிக் கிடார். இசை எம்.எஸ்.விஸ்வநாதன், பாட்டு கண்ணதாசன். இரண்டு பேருமே 50 வயதைத் தொட்டவர்கள். ‘சம்போ சிவ சம்போ’வை எம்.எஸ்.வி.யே பாடினார். இளையராஜா அலை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஒரு துள்ளல்!

அந்தப் படம் என்றதும் இன்று யூடியூபில் என்ன ஓடுகிறது? கமலும் ரஜினியும் இனி தனித்தனியாக நடிப்போம் என்று பேசிக்கொண்ட கதை. சரி, அந்தப் பாட்டுகளில் கிடார் வாசித்தது யார்? டிரம்ஸ் யார்? சட்டென்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்?

பத்திரிகைக்கா நம்மிடம் பஞ்சம்? பேசும் படம் இருந்தது, 1966-ல் தொடங்கிய பொம்மை இருந்தது, விகடனும் குமுதமும் வீட்டுக்கு வீடு போயின. கர்நாடக இசையைக் கிழித்துத் தோரணம் கட்ட சுப்புடு இருந்தார். ஆனால் சினிமாப் பாட்டுக்குப் பெரும்பாலும் பட விமர்சனத்தின் கடைசியில் ஒரு வரிதான். நடிகைக்கு நடுப்பக்கம் உண்டு, வயலின்காரருக்கு மூலையில்கூட இடமில்லை. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் பாட்டுக்காகவே அச்சான காகிதம். கதையைப் பாதியில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று சொல்லும் அந்த மெல்லிய புத்தகத்தில் பாடலாசிரியர், பாடகர் பெயர் வரை இருக்கும். அதோடு சரி. ரெக்கார்டு அட்டையும் பொதுவாக அதைத் தாண்டவில்லை.

அப்படியானால் எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று முடிவு செய்தது யார்? பாதி வேலையை இலங்கை வானொலி செய்தது. மீதியை ரேடியோ செட்காரர் செய்தார்.

கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி, எதுவானாலும் முதலில் வந்து இறங்குவது அவர்தான். மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பிள்ளையார் பாட்டில் ஆரம்பிப்பார். அதற்கப்புறம் ஊர் கேட்பதைப் போடுவார். “ஏனுங்க, அதையே இன்னொருக்கா போடுங்க” என்று எத்தனை பேர் வந்து நின்றார்கள் என்பதுதான் அந்த ரெக்கார்டுக்கு மதிப்பெண். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது இளையராஜா என்ற பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்த இசைப் பத்திரிகை எதுவும் இல்லை. பாட்டுதான் கூட்டத்தைத் தியேட்டருக்கு இழுத்து வந்தது என்பார்கள். பவானிசாகர் தாண்டி, மாயாற்றின் அக்கரையில் இருக்கும் தெங்குமரஹாடாவில் எடுத்த படம் அது. ஹீரோ சூலூர்ப் பக்கத்து சிவகுமார். கொங்கு நாட்டுக்கு அது கிட்டத்தட்ட சொந்த வீட்டுப் படம்.

கீறல் விஷயத்துக்கு இங்கேதான் வருகிறோம். ரேடியோ செட் கடையிலிருந்து வரும் ஒரு இ.பி. தட்டை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒட்டிய லேபிளில் கடைப் பெயர், பேனாவில் ஒரு நம்பர். பக்கத்துக்கு இரண்டு பாட்டு என்றால், ஒன்று தெளிவாகக் கேட்கும், இன்னொன்று கரகரக்கும். எந்தப் பாட்டை ஊர் திரும்பத் திரும்பக் கேட்டது என்பதை அந்தக் கரகரப்பு சொல்லிவிடும். எழுதப்படாத விமர்சனம் அதுதான். அலமாரியிலேயே தூங்கிய புத்தம்புதுத் தட்டில் இந்தத் தகவல் கிடையாது. ஆனால் நாம் அதற்குத்தான் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். கேசட் வந்ததும் அட்டாலிக்கு ஏறிய கரகரப்புத் தட்டுகள், வீடு இடிக்கும்போது பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன.

தட்டு போனால் தகவல் போகும். பெயர் போனால் அதைவிட மோசம், ஏனென்றால் அதில் உரிமையும் இருக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துக் கலைஞர்களுக்கு ராயல்டியில் பங்கு தருகிறது. அதே திருத்தம் ஒரு வாசலையும் சாத்தி வைத்திருக்கிறது: சினிமாவில் ‘தற்செயலாக’ப் பங்களித்து, தொழில் வழக்கப்படி எங்கேயும் பெயர் போடப்படாதவரை, ஒரு சிறு விலக்கு தவிர, நிகழ்த்துக் கலைஞராகவே கருத வேண்டியதில்லை. கிடார் வாசிப்பவர் ‘தற்செயல்’ ஆளா என்பது வாதிட வேண்டிய விஷயம்தான். ஆனால் பெயர் போடாத பழக்கமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

மியூசிக் ஆப்பைத் திறந்து, அந்தக் காலத் தமிழ்ப் பாட்டு ஒன்றின் கிரெடிட்ஸை அழுத்திப் பாருங்கள். பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று மூன்று பெயர் வந்தால் அதிர்ஷ்டம். பாட்டுப் புத்தகம் நின்ற இடத்திலேயே ஆப்பும் நிற்கிறது. அன்று சென்னையின் ரெக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்தவர்களில் இன்று இருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேடியோ செட் ஓட்டிய பெரியவர்களுக்கும் எந்தத் தட்டு எந்த நோம்பியில் தேய்ந்தது என்று ஞாபகம் இருக்கும். போய்க் கேட்டுப் பதிவு செய்ய பெரிய ஸ்டுடியோ தேவையில்லை, கையில் இருக்கும் போனே போதும். அடுத்த எல்.பி.க்குப் பணம் அனுப்புவதற்கு முன், ஊரில் அந்தக் கடை இன்னும் இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.