காபி இல்லாத ஒரு நாள்

சென்ற இதழில் கூழ் வடகம் பற்றி எழுதும்போது, "மொட்டை மாடிக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் தேகப்பயிற்சியும் ஆச்சு" என்று வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். சகோதரிகளே, அன்று உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நான் அந்தப் படிகளை நின்று நின்றுதான் ஏறினேன். நெஞ்சு நடுவில் ஓர் இறுக்கம், தாடை வரை ஓர் இழுப்பு. இரண்டு நிமிஷம் நின்றால் போய்விடும். வாயு என்று நானே பெயர் வைத்து, ஓமத் தண்ணீர் குடித்து மூன்று மாதம் ஓட்டிவிட்டேன்.

என் அக்காவும் இப்படித்தான் ஓட்டினாள். ஒரு விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, இதயத் தசையில் ஒரு பகுதி செத்தே போயிருந்தது. பிழைத்தாள். ஆனால் இன்றும் ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. நான் படியில் நிற்பதைப் பார்த்தவள் அவள்தான். "ஏண்டி, எனக்கு வந்த வாயுவா உனக்கும்?" என்றாள். மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈ.ஸி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சர்க்கரை வேறு இருப்பதால், "தாலியம் டெஸ்ட் பண்ணிடலாம்மா" என்றார் டாக்டர். வீட்டில் வந்து சொன்னதும் மாமியார் பதறிப்போனார். "தாலியா? அதை எதுக்கும்மா கழட்டணும்?"

தாலியம் என்பது ஓர் உலோகம். 1861-ல் இங்கிலாந்தில் வில்லியம் க்ரூக்ஸ் கண்டுபிடித்தது. அதன் கதிர்வீசும் வகையை 1970-களில் இதயப் படத்துக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். இப்போது பெரும்பாலும் டெக்னீஷியம் என்ற வேறு பொருள்தான். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டெக்னீஷியத்தின் வீரியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் வாங்கி டப்பாவில் போட்டு வைக்க முடியாது. ஈயக் கவசம் போட்ட ஒரு கலத்தில் மாலிப்டினம் இருக்கும். அதிலிருந்து இது ஊறிக்கொண்டே வரும். உப்பு நீரை உள்ளே செலுத்தி அன்றாடம் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு அவர்களே "பால் கறப்பது" என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள்! 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கறவையை உருவாக்கிய இருவரில் ஒருவர், மார்கரெட் கிரீன் என்ற பெண்மணி.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதல் நாளிலிருந்தே காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது என்றார்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஊசி மருந்து மூலமே இதயக் குழாய்களை விரியச் செய்வார்கள். காபி அந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடுமாம். ஓடும் பட்டையில் நடப்பவர்களுக்கும் கடைசி நேரத்தில் அந்த மருந்து தேவைப்படலாம் அல்லவா? தலைவலியோடு போய்ச் சேர்ந்தேன். வாசலில் "நியூக்ளியர்" என்ற பலகையைப் பார்த்து வயிறு கலங்கியது. உள்ளே நர்ஸ், "கழுத்துல இருக்கறதைக் கழட்டிடுங்கம்மா, படத்துல நிழல் விழும்" என்றாள். மாமியார் பயந்தது பலித்தது! இவர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, கையால் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பட்டையில் வேகமாக நடக்கவிட்டு, மூச்சு முட்டும் நேரத்தில் ஊசி போட்டார்கள். ஏன் நடக்க வேண்டும்? அடுக்குமாடிக் குழாயை நினைத்துப் பாருங்கள். மத்தியானம் எல்லா வீட்டிலும் தண்ணீர் நன்றாக வரும். காலை ஏழு மணிக்கு எல்லாரும் திறக்கும்போதுதான் எந்த வீட்டுக் குழாய் அடைத்திருக்கிறது என்று தெரியும். இதயமும் அப்படியே. ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் மருந்தும் போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து, கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கச் சொல்லி, காமிரா மார்பைச் சுற்றி வந்து படம் பிடித்தது. பிறகு ஓய்வாக இருக்கும்போது இன்னொரு ஊசி, இன்னொரு படம்.

டாக்டர் இரண்டு வரிசைப் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றும் ஓர் உளுந்து வடை மாதிரி, நடுவில் ஓட்டை! மேல் வரிசையில், நடந்தபோது எடுத்ததில், வடையின் அடிப்பக்கம் மங்கலாக இருந்தது. கீழ் வரிசையில், ஓய்வில் எடுத்ததில், அந்த இடம் நிறைந்திருந்தது. "தசை உயிரோடதான் இருக்கு. ஓடும்போது ரத்தம் போதலை, அவ்வளவுதான்" என்றார். சிறிய பகுதி என்பதால் இப்போதைக்கு மாத்திரை, நடை, சர்க்கரைக் கட்டுப்பாடு. அதில் குணம் தெரியாவிட்டால் ஆஞ்சியோகிராம்.

அக்கா வீட்டுக்குப் போய்த் தன்னுடைய பழைய படத்தை எடுத்து வந்தாள். அவளுக்கு இரண்டு வரிசையிலும் அதே இடம் இருட்டாகவே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தாள். "உன்னோடது நிறைஞ்சிடுச்சுடி" என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கர்ப்பமாகவோ பாலூட்டிக்கொண்டோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்று டாக்டரே சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். பிறகு நிறையத் தண்ணீர் குடியுங்கள். அன்று கைக்குழந்தையை வெகு நேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். நமக்கு மார்பகத்தின் நிழலும் படத்தில் விழும். அது அடைப்பு போலத் தெரியலாம். ஆகவே படத்தை நாமே பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓய்வெடுத்தும் போகாத நெஞ்சுவலிக்கு இந்த டெஸ்டுக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஓமத் தண்ணீர் நல்லதுதான், அஜீரணத்துக்கு. ஏறும்போது வந்து, நின்றால் போகும் இறுக்கத்துக்கு அது மருந்தல்ல. என்னைப் போல மூன்று மாதம் ஓட்டாதீர்கள்.

அடுத்த இதழில், உப்பு குறைத்த நார்த்தங்காய் ஊறுகாயோடு சந்திக்கிறேன்.