நன்கொடையா? வாய்ப்பூட்டா?

காற்றையும் நீரையும் காட்டையும் காப்பதற்கென்றே ஏற்பட்ட சங்கங்கள், அவற்றைக் கெடுத்துப் பணம் சேர்க்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரிக் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கலாமா என்று பல தேசங்களில் வாதம் நடந்து வருகிறது. வாங்கக் கூடாது என்பதே நமது அபிப்பிராயம்.

நாம் இப்படிச் சொல்வது பணத்திற்குத் தீட்டு உண்டு என்பதற்காக அல்ல. தீட்டு என்பதையே ஒப்புக்கொள்ளாத நாம் அதைப் பணத்தில் மாத்திரம் தேடப் போவதில்லை. கொடுக்கிறவன் எதற்காகக் கொடுக்கிறான், வாங்கினவன் வாய் பிறகு என்ன ஆகிறது என்பதே கேள்வி.

அமெரிக்காவில் 1892ம் வருஷத்தில் ஜான் மியூர் முதலியவர்களால் ஏற்படுத்தப்பட்ட சியாரா கிளப் என்னும் சங்கம் மிகவும் பெயர் பெற்றது. அது 2007 முதல் 2010 வரை, செசபீக் எனர்ஜி என்னும் எரிவாயுக் கம்பெனியைச் சேர்ந்தவர்களிடம் 2 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் இரகசியமாய் வாங்கி, பெரும்பாலும் நிலக்கரியை எதிர்க்கும் பிரசாரத்திற்குச் செலவிட்டது. நிலக்கரி ஒழிந்தால் லாபம் யாருக்கு? எரிவாயு விற்கிறவனுக்கே அல்லவா? அதே காலத்தில், பூமிக்குள் தண்ணீரையும் மணலையும் இரசாயனத்தையும் அழுத்திச் செலுத்திப் பாறையை உடைத்து எரிவாயு எடுப்பதை எதிர்த்து அச்சங்கத்து அங்கத்தினர்களே பல ஊர்களில் போராடினார்கள். இந்தப் பணத்தின் சங்கதி 2012 பிப்ரவரியில்தான் வெளிவந்தது.

எரிவாயு சுத்தமானது என்பார்கள். எரியும்போது நிலக்கரியைவிடப் புகை குறைவுதான். ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், 20 வருஷக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 80 மடங்குக்கு மேல் பூமியைச் சூடேற்றும். இதை உரக்கச் சொல்ல வேண்டிய வாய்க்கு எரிவாயுக்காரன் சோறு போடலாமா?

"அப்பணத்தால் நல்ல வேலை நடக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். நடந்தது. ஆனால் கொடுப்பவனுக்குப் பிடித்த நல்ல வேலைதான் நடக்கும். பிடிக்காதது நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளப்படும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று மக்களுக்குப் போதித்திருக்கிறார்கள் அல்லவா? முதலாளிகள் அதை நன்றாய் அறிந்தே உப்பிடுகிறார்கள். ஊரார் வயிற்றில் அடித்தவன் கும்பாபிஷேகம் செய்து புண்ணியவான் ஆவதற்கும், ஆற்றைக் கெடுத்தவன் மரம் நடப் பணம் கொடுத்து இயற்கைக் காவலன் ஆவதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே பாவத்தைக் கழுவித் தருகிறவன் புரோகிதன். இங்கே சங்கத்துக் காரியதரிசி. அவ்வளவுதான்.

நிற்க, 2010ல் சியாரா கிளப்பின் தலைமைக்கு வந்த மைக்கேல் புரூன் அப்பணத்தை நிறுத்தினார். மேற்கொண்டு வரவிருந்த சுமார் 3 கோடி டாலரையும் வேண்டாமென்றார். அதனால் சங்கம் அழிந்து போய்விடவில்லை.

கெடுத்தவனிடம் சட்டப்படி நஷ்டஈடு வாங்குவது உரிமை. அவனிடமே கை நீட்டி நன்கொடை வாங்குவது அடிமைத்தனம். ஆகவே தோழர்களே, எந்தச் சங்கமானாலும் சந்தா கொடுக்குமுன் அதன் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். கணக்குக் காட்ட மறுக்கும் சங்கம் யாருக்கோ கட்டுப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க உங்களுக்கு உரிமை உண்டு.